பூஜை அறையில் சொட்டுவது யார் தண்ணீர்

வைகாசி 3, வியாழன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மொட்டைமாடியில் வெறுங்காலோடு நிற்க முடியவில்லை. மீன் தொட்டிக்குக் கீற்றுப் பந்தல் போட்டேன். மயிலாப்பூரில் பந்தல் போட்ட மீன் தொட்டி இது ஒன்றுதான். பம்பாயிலும் இருக்காது.

தொட்டி என் கையால் கட்டியது. செங்கல், சிமெண்ட். கலர் மீன். அடிச் சுவரில் ஓட்டை போட்டு ஒரு இரும்புக் குழாய். மீன் அழுக்குத் தண்ணீர் அதன் வழியாகக் கீரைப் பாத்திக்கு. வேறு உரமே கிடையாது. தண்டுக்கீரை என் தோள் உயரம். (இடுப்பு கூட இல்லை என்கிறாள் என் சம்சாரம் கமலம். அவள் எப்போதும் நின்றுகொண்டே பார்க்கிறாள்.)

சைக்கிள் கடையிலிருந்து வந்ததும் வராததுமாகப் படிக்கட்டில் வீட்டுக்கார மாமியின் குரல். மாமி மேலே வரமாட்டாள். மீன் வாடையாம்.

"எங்காத்துப் பூஜை ரூம்ல சொட்டறது! ராமர் பட்டாபிஷேகப் படம் நனைஞ்சிண்டிருக்கு. உங்க மீன் குளிச்ச ஜலம், பகவான் தலையில!"

"மாமி, ஹார்பர்ல கப்பல் ஓட்டையவே ரெண்டு விரலால அடைச்சவன் நானு."

"அந்த விரலைக் கொஞ்சம் இங்க வையுங்கோளேன் மாமா" என்றது மாமியின் பெண் ஜெயா, உள்ளேயிருந்து.

மாமி சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெயாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் சொட்டு நிற்கவேண்டும். நிற்காவிட்டால் தொட்டியை இடித்துவிட்டு மாடியையும் காலி செய்யவேண்டும்.

கமலம் தட்டை டொக்கென்று வைத்துச் சோறு போட்டாள். அப்புறம், "இன்னொரு எடம் எவன் குடுப்பான் நமக்கு? மீனாம் மீனு." கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ரசம் நன்றாயிருந்தது.

வைகாசி 4, வெள்ளி

கடைக்கு மட்டம். காற்றே இல்லை.

குழாய் சுவரைத் தாண்டி வெளியே வரும் இடம். அங்கேதான் கசிவு. ஓட்டை போட்டுக் குழாயைச் செருகிச் சுற்றிலும் சிமெண்ட் அப்பியிருந்தேன். பார்க்க ராஜகோபுரம் மாதிரி. ஆனால் இரும்போடு சிமெண்ட் ஒட்டவில்லை. ஏன் என்று தெரியவில்லை. நடுவில் மயிரிழை இடைவெளி.

செய்தவை:
வெளியே மறுபடி சிமெண்ட். காய்ந்தது. பக்கத்தில் கசிந்தது.
சணல் சுற்றிக் குழாய்க்காரர்கள் பூசுகிற வெள்ளை லெட் பசையைப் பூசினேன். கொஞ்ச நேரம் யோக்கியமாக இருந்தது. பிறகு கீழே கசிந்தது.
சுண்ணாம்பு, வெல்லம், முட்டை வெள்ளைக்கரு. கோட்டையெல்லாம் இப்படித்தான் கட்டினார்கள். எறும்பு வந்தது.

இங்கே அடைத்தால் அங்கே எட்டிப் பார்க்கிறது. தண்ணீருக்கு என்மேல் என்ன கோபம்?

கமலம் குக்கரை மூடிக்கொண்டே சொன்னாள்: "இந்த ரப்பர் உள்பக்கந்தான கீது? ஆவி தள்ளத் தள்ள அதுவே போய் ஒட்டிக்குது. நீ இன்னான்னா வெளிய குந்திகினு பூசறே. தண்ணி பின்னாலேர்ந்து தள்ளினா பூசினது உதிராம இன்னா பண்ணும்?"

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வைகாசி 5, சனி

காலையிலேயே புழுக்கம். மீன்களைப் பிடித்து வாளி, பக்கெட், கமலத்தின் அரிசி களையும் குண்டானில் விட்டேன். (திட்டு.) தொட்டியைக் காலி செய்து காயவிட்டேன்.

பழைய லாரி டியூப் கடையில் கிடந்தது. தடித்த ரப்பர். இரண்டு வட்டம் வெட்டினேன். பழைய சிமெண்டையெல்லாம் கொத்தி எடுத்து, ஓட்டையின் வாயை வழவழவென்று தேய்த்து, மரை போட்ட குழாயைச் செருகினேன். தண்ணீர் நிற்கிற உள்பக்கம் ஒரு ரப்பர், அதன்மேல் இரும்புத் தட்டு, நட்டு. வெளிப்பக்கம் அதே மாதிரி. முதலில் என் பலத்துக்கு முறுக்கிவிட்டேன், ரப்பர் பிதுங்கிச் சுருண்டுபோயிற்று. மறுபடி வெட்டி, லேசாகப் பிதுங்கும்போதே நிறுத்தினேன்.

தண்ணீர் விட்டேன். குழாய்க்கு அடியில் பேப்பர் விரித்தேன். பேப்பர் நனையவில்லை! மீன்களைத் திரும்பத் தொட்டியில் விட்டேன். கிண்டி இன்ஜினியர்கள் வரிசையில் நின்று பார்க்கவேண்டிய வேலை.

ஓடிப்போய் மாமியிடம் சொன்னேன். "முடிஞ்சுது மாமி. மூணு கப்பல அடைச்ச கை."

"நன்னாப் பாருங்கோ. இன்னும் சொட்டறது."

பார்த்தேன். சொட்டுகிறது. மேலே ஓடினேன், பேப்பர் காய்ந்து கிடக்கிறது. கீழே வந்தேன், சொட்டுகிறது. மேலே. கீழே. சுவர் பழைய தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிறதா? ராமருக்கே வியர்க்கிறதா? ஒன்றும் புரியவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"தலசுத்தலா?" என்றாள் கமலம்.

"இல்ல. யோசன."

"ரெண்டும் ஒண்ணுதான் உனக்கு."

அப்போதுதான் மின்னல் மாதிரி ஒரு யோசனை. மஞ்சள் தூள். மீன் தொட்டியில் கொட்டிக் கலக்கினேன். கீழே மஞ்சளாகச் சொட்டினால் குற்றம் என்னுடையது. காத்திருந்தோம். மீன்கள் மஞ்சள் குளித்த பெண்கள் மாதிரி திரிந்தன. கீழே சொட்டு பளிங்கு மாதிரி விழுந்தது.

அப்படியானால் யார் தண்ணீர்?

மாடியில் இன்னொரு தொட்டி உண்டு. மாமியுடையது. கிணற்றுத் தண்ணீரை மோட்டார் ஏற்றும், வீட்டுக் குழாய்க்கெல்லாம் அங்கிருந்துதான். அதன் பின்பக்கம், கைப்பிடிச் சுவருக்கும் அதற்கும் நடுவில் தலையை நுழைத்துப் பார்த்தேன். குழாய் வெளியே வருகிற இடத்தில் பச்சைப் பாசி, தாடி மாதிரி.

"அது இன்ஜினியர் கட்டினதாக்கும்" என்று படிக்கட்டிலிருந்தே குரல் கொடுத்தாள் மாமி.

"மஞ்சதான மாமி. மங்களம்." மிச்சப் பொட்டலம் முழுவதையும் அதில் கொட்டினேன்.

சாயங்காலம் பூஜை அறையில் மஞ்சள் சொட்டு. ராமர் பாதத்திலேயே விழுந்தது. மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். படத்தைத் துடைத்துக்கொண்டே, "மாமா, அந்த ரப்பர் இன்னும் இருக்கோ?"

வைகாசி 6, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை.

விடிந்ததும் மாமி தொட்டியில் வேலை. குழாய் மட்டத்துக்குத் தண்ணீரை இறக்கி, உள்ளே ரப்பர், வெளியே ரப்பர், லேசான பிதுக்கம். மோட்டார் போட்டு நிரப்பினேன். சொட்டு குறைந்தது. மத்தியானம் நின்றேவிட்டது. கமலம் குழம்பில் எனக்கு ஒரு துண்டு கருவாடு அதிகமாக வைத்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கொல்லைக் குழாயில் கால் கழுவப் போனார்கள். திறந்தார்கள்.

மஞ்சள் தண்ணீர்.

தொட்டி அடியில் தங்கின மஞ்சள் வண்டலை நான் கழுவவில்லை! புதுத் தண்ணீர் விழுந்து கலக்கிவிட்டது. மாமி சொம்போடு சிலை மாதிரி நின்றாள். கமலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமான்லாம் கட்ட ஆரம்பிக்கட்டா?" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா காலைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள்.

"கால் அலம்பறதுக்கே மஞ்சள் ஜலமா! இந்தக் காலத்துல யார் இப்படிப் பார்த்துப் பார்த்துப் பண்றா!"

மாமி ஒரு மூச்சு விட்டாள். "எங்காத்துல அப்படித்தான்" என்றாள். நான்கூட அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்கமாட்டேன்.

போய் லெட்டர் போடுகிறோம் என்றார்களாம். நல்ல முகத்தோடு சொன்னார்களாம்.

பிறகு படியில் காலடிச் சத்தம். மாமி! மாடிக்கு! ஒரு கையில் சொஜ்ஜி பஜ்ஜித் தட்டு, இன்னொரு கையால் மூக்கில் தலைப்பு. தட்டைக் கமலத்திடம் கொடுத்தாள். "தொட்டி இருந்துட்டுப் போகட்டும். நீங்களும் இருங்கோ." கமலம் தட்டோடு உள்ளே போய்விட்டாள். அழுதாள் என்று நினைக்கிறேன். கேட்டால் இல்லை என்பாள்.

மாமி குனிந்து மீன்களைப் பார்த்தாள். மெல்லத் தலைப்பை எடுத்தாள்.

"இதுகளுக்கெல்லாம் பேர் உண்டோ?"

"இல்லாமயா மாமி?" அங்கேயே ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்துச் சொன்னேன். கல்யாணி, பைரவி, கலெக்டர், வாலில் புள்ளி வைத்தது ஆண்டாள். மாமி ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நாளைக்கும் வருகிறேன், ஆண்டாளுக்குப் பொரி கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள்.

இப்போது பார்க்கிறேன். நாலு மீனுக்கு வாலில் புள்ளி இருக்கிறது.