பெயர் சொல்லாத அறிவிப்பாளருக்கு

திருவண்ணாமலை,
ஐப்பசி மாதம், 1981.

ரேடியோவில் வியாழக்கிழமை உரையாடல் நடத்தும் மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

பேகோபுரத் தெரு பரசுராமன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மலையும் நாங்களும் சௌக்கியம், மழைதான் கம்மி. கடல் தாண்டி நீங்கள் இருக்கும் ஊரில் குளிர் ஜாஸ்தி என்பது உங்கள் தொண்டையிலேயே தெரிகிறது. மிளகுக் கஷாயம் குடியுங்கள்.

நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் மேனேஜர். எட்டாவது வரை படிப்பு. அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் விஷயம் இல்லை. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் இங்கிலீஷில் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்பார்கள். ஆற்காட்டு நவாப் காலத்தைப் பற்றி நீங்கள் பேசியபோது ஒரு தளபதியை விட்டுவிட்டீர்கள். குதிரையோடு கோட்டைச் சுவரைத் தாண்டிய அந்த மனிதர் என் கொள்ளுத்தாத்தா. போகட்டும், அடுத்த முறை சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடிதம் அதற்காக எழுதவில்லை. என் தங்கை எல்லம்மாளுக்காக எழுதுகிறேன்.

அவளுக்கு ஒரே மகன் அர்ஜுனன், காலேஜில் படித்தவன். எமர்ஜென்சி சமயத்தில் நாலு பேரைக் கூட்டி, கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கிறது என்று பேசினான். ஜீப் வந்தது. "ரெண்டு வார்த்தை விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்மா"ன்னு சொல்லிக் கூட்டிப் போனார்கள். எந்த ஸ்டேஷனில் கேட்டாலும் அப்படி ஒரு பையன் வரவே இல்லை என்றார்கள்.

எமர்ஜென்சி முடிந்து கொஞ்ச நாளில் ஒரு வியாழக்கிழமை, லாட்ஜுக்கு எனக்குச் சோறு கொண்டுவந்தாள். ரேடியோவில் நீங்கள் யாரோ பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். கஷ்டமான கேள்விக்கு முன்னால் "ம்... சரி" என்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்துகிறீர்களே, அதைக் கேட்டாள். தூக்குவாளியை அப்படியே விட்டுவிட்டு, "அண்ணே, நம்ம அர்ஜுனன்"னு உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அவன் குரலாகத்தான் கேட்டது.

நீங்கள் பெயரைச் சொல்வதே இல்லை. "சொன்னா இங்க தெரிஞ்சிடும்னு மறைக்கிறான்" என்கிறாள். எதிரில் பேசுகிறவர் குறுக்கே புகுந்தால், "என் புள்ளய பேச வுடுய்யா"ன்னு ரேடியோவை அதட்டுவாள். அலை மங்கிக் குரல் தூரப் போனால் எழுந்து கதவைத் திறந்து வைப்பாள். என் மருமகன் அர்ஜுனனுக்கு அங்கே கார் உண்டு, மந்திரிகளே எழுந்து நின்று கை கொடுக்கிறார்கள் என்று நானும் தெருவில் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். அதைக் கேட்டுக் கீழ்பென்னாத்தூரில் அவனுக்கு ஒரு சம்பந்தம் கூடிவந்திருக்கிறது. தை மாதம் தட்டு மாற்றுகிறார்கள். சந்திரகலா என்று பெண். அவளும் வியாழக்கிழமை ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருகிறாளாம்.

போன ஆடியில், பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் ஏதோ தூர தேசத்தில் படத்தைச் சுமந்து மைதானத்தைச் சுற்றுகிறார்கள் என்று பேசினீர்கள். அந்தப் பௌர்ணமிக்கே எல்லம்மாள் அர்ஜுனன் படத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மலை சுற்றினாள். ஏன் என்று கேட்டதற்கு, "அவன் சொல்லிட்டான், செய்யறேன்" என்றாள்.

மலை சுற்றும் பாதையில் அடி அண்ணாமலை பக்கத்தில் அந்தப் படத்தைப் பார்த்த ஒரு ஆள் மறுநாள் லாட்ஜுக்கு வந்தார். சின்னசாமி, ரிட்டயரான போலீஸ்காரர். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. "அந்தப் பையனக் கொண்டாந்த மறுநாளே உசுரு போயிடுச்சுங்க. நான் வாசல்லதான் நின்னேன். எங்க எரிச்சாங்கன்னு மட்டும் கேக்காதீங்க"ன்னு தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றைக்கே தங்கையிடம் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. அவள் சிரித்துவிட்டாள். "உன் பேச்ச எவன்ணே நம்புவான், இதுவும் குதிர தாண்டின கதைதானே"ன்னு சொல்லி, தீபத்துக்கு அவன் வருவான் என்று சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போய்விட்டாள்.

ஐயா, அவள் நம்புவது ஒரே ஒரு குரலை. அந்தக் குரல் உங்களிடம் இருக்கிறது. ஒரு வியாழக்கிழமை, பேச்சுக்கு நடுவில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். ஊரைச் சொல்லுங்கள். பெற்ற தாயின் பெயரையும் சொல்லிவிடுங்கள். நீங்கள் அர்ஜுனன் இல்லை என்று தெரிந்து எல்லம்மாள் அழட்டும். பிள்ளைக்கு ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் விடட்டும். அந்தப் பெண்ணும் வேறு வீடு பார்த்துப் போகட்டும். நான் பக்கத்திலேயே இருப்பேன்.

அண்ணாமலையார் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல தொண்டையையும் தரட்டும்.

இன்னும் ஒன்று. அந்தச் சின்னசாமி குடிப்பவர் என்று சொல்கிறார்கள். ஆள் மாறியும் இருக்கலாம். ஒருவேளை உன் அம்மா பெயர் எல்லம்மாள் என்றால், தம்பி, அதை ரேடியோவில் சொல்லாதே. கிளம்பி வந்துவிடு. ரிஜிஸ்தரில் பெயர் எதுவும் எழுதாமல் லாட்ஜில் ஒரு ரூம் எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
மாமா பரசுராமன்.