கறுப்பு வேட்டிக்குள் ஒரு பாட்டில்

சூரியனையே சம்பளமில்லாமல் வேலை வாங்கிய மகராசி, என் மருமகளே தமிழ்ச்செல்வி,

நீ போய் ஒரு வருடமாகப் போகிறது. அங்கே வெளிச்சம் எப்படி? அதையும் சோதித்துப் பார்க்காமல் விட்டிருக்கமாட்டாய்.

தேன்கனிக்கோட்டையில் படித்து, பெங்களூரில் ஒளிவேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே ஆய்வகம் நடத்தியவள் நீ. வெயில் பட்டு வெளுத்த சாயம் அப்புறம் என்னவாகிறது என்பதுதான் உன் ஆயுள் கேள்வி. லீவுக்கு வந்தாலும் மொட்டைமாடியில் சாயத்தண்ணீர் பாட்டில்களை ஜோடியாக வைப்பாய். ஒன்று வெயிலில், ஒன்று கறுப்புத் துணிக்குள்.

"இருட்டுல இருக்கறதுதான் மாமா சாட்சி. அதைக் கேக்காம வெயில நம்பாத" என்பாய்.

இப்போது சேதி. நம் ரோஜாத் தோட்டத்துக்கு மேற்கே ஒரு சாயப்பட்டறை வந்திருக்கிறது. கழிவுநீரை வெயிலில் சுத்தம் செய்து நமக்கே விடுகிறார்களாம். கிணறு வறண்டு கிடக்கிறது. "உங்க மக கண்டுபிடிச்ச முறைதாங்க" என்று பட்டறை ஆள் சொன்னதும் உன் அப்பா கண் கலங்கித் தலையாட்டிவிட்டார். எனக்கோ ஈரேழு உலகத்துச் சந்தேகமும் தலையில் குடியேறிவிட்டது.

செய்து காட்டுகிறேன் என்று அவன் பட்டறையின் சிவப்புத் தண்ணீரில் ஒரு வெள்ளைப் பொடியைக் கலந்து வெயிலில் வைத்தான். நான் அதே கலவையை இன்னொரு பாட்டிலில் வாங்கி, சபரிமலைக்குக் கட்டும் என் கறுப்பு வேட்டியால் சுற்றினேன்.

"இதென்னாங்க, பூஜையா?"

"ஆமாப்பா. எங்க மருமகளுக்கு."

மதியம் அவன் பாட்டில் பளிங்கு. "நோடி அண்ணா, பாருங்க, எல்லாம் சூரியன் வேலை" என்றான். வேட்டியை அவிழ்த்தேன். அதுவும் பளிங்கு. இரண்டிலும் அடியில் பொடி மட்டும் சிவந்து கிடந்தது.

"சூரியன் என் வேட்டிக்குள்ள எப்பிடிப்பா பூந்தாரு? சாயம் சாவல, பொடியில ஒளிஞ்சிருக்குது. இந்தப் பொடிய எங்க கொட்டுவீங்க?"

அவன் கண் ஓடைப் பக்கம் போய் வந்தது. உன் அப்பா எழுந்தார். "எம் பொண்ணு பேரச் சொல்லிக்கிட்டு இனிமே இங்க வராத."

கிணறு இன்னும் வறண்டுதான் இருக்கிறது. ரோஜா பிழைக்குமா, தெரியவில்லை. ஆனாலும் இந்திரனே மழையோடு வந்தாலும், அவன் தண்ணீரையும் ஜோடி பாட்டிலில் வைத்துப் பார்க்காமல் மடை திறக்கமாட்டேன். இது சத்தியம்.

ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. நீ இல்லை என்கிறார்களே எல்லாரும், அதை யார் இருட்டில் வைத்துச் சோதித்தது?

எதையும் நம்பாத,
உன் தாய்மாமன்