கூரைக்கு வெள்ளைச் சட்டை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் மருமகளும் குட்டிப்பயலும் அந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியில் குறுக்கே பேசி உன் முடிவைச் சொல்லிவிடுவாய். கடிதத்தில் நான் மட்டும்தான் பேச முடியும்.

போன கோடையில் தையல் மிஷின் மேலேயே நான் மயங்கி விழுந்ததிலிருந்து உனக்கு நிம்மதி இல்லை என்று தெரியும். மேல்மாடி அறை, தலைக்கு மேல் வெறும் தளம், மதியமானால் மிஷின் சக்கரத்தைத் தொட்டாலே கை சுடும். ஏ.சி. போட்டுத் தருகிறேன் என்றாய், நமக்குக் குளிர வேண்டும் என்று பக்கத்து வீட்டு ஜன்னலில் அனலைத் துப்ப எனக்கு மனசு வரவில்லை. கடைசியில், இந்தக் கோடையிலும் மதியம் உட்கார முடியாவிட்டால் அறையைப் பூட்டிவிட்டு உன்னிடமே வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டேனே தவிர, என்னோடு தைக்கிற இரண்டு பெண்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்புறம்தான் நகராட்சியில் வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பெயிண்ட் கொடுத்தார்கள். ஆள் எதற்கு, நாமே அடிப்போம் என்று மூன்று பேரும் வீறாப்பாக மொட்டைமாடிக்கு ஏறினோம். துணி வெட்டுகிறவர்கள் புத்தி எங்கே போகும்? கைப்பக்கம் ஆரம்பித்து எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே போய்த்தான் எங்களுக்குப் பழக்கம். படிக்கட்டுக் கதவருகில் தொடங்கி, ஒரு திட்டு விடாமல் எதிர் மூலைவரை அடித்து முடித்து நிமிர்ந்தால், கதவு அங்கே, நாங்கள் இங்கே, நடுவில் முழுக்க ஈரப் பெயிண்ட்! டீயோடு வந்த உங்கப்பா கதவில் நின்று, "யாரும் அசையாதீங்க, கால் பட்டா எல்லாம் பாழாப்போயிடும், டீயை நானே குடிச்சுடுறேன்" என்று சொல்லிக் குடித்தும் விட்டார். அந்த மனிதரை நீயே கேள். ஒட்டியிருக்கும் தன் மாடியிலிருந்து பக்கத்து வீட்டு மெக்கானிக் ஸ்டூல் போட்டு எங்களைச் சுவர் தாண்ட வைத்தார். எங்களில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவள் சுவர்மேல் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் இறங்கவே முடியவில்லை. அடுத்து மெக்கானிக் மாடிக்கும் நாங்கள்தான் அடிக்கப் போகிறோம், இந்தத் தடவை மூலையிலிருந்து.

இப்போது வெளியே உச்சி வெயில் கொளுத்துகிறது, நான் மிஷின் மேல் தாளை வைத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஃபேன் மட்டும்தான் ஓடுகிறது. சக்கரம் சுடவில்லை. நேற்று மதியம் நான் தலை சாய்ந்ததைப் பார்த்து மயக்கம் என்று பயந்து இந்த இரண்டு பெண்களும் என் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டார்கள். வெறும் தூக்கமடா, சுகமான தூக்கம்! எழுந்து நன்றாகத் திட்டினேன், ஆனால் உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டரையும் தைரியமாக ஒத்துக்கொண்டோம்.

அதனால் நான் வரவில்லை. எனக்காக நீ ஒழித்து வைத்திருக்கும் அறையைக் குட்டிப்பயலுக்கே கொடுத்துவிடு. வருத்தப்படாதே, உன்னைப் பார்க்க ஆசை இல்லாமல் இல்லை. வேறு வழியில்லாமல் வருவது வேறு, ஆசைப்பட்டு வருவது வேறு. இனி வந்தால் விருந்தாளியாகத்தான் வருவேன், திரும்பிப் போகிற டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். குட்டிப்பயலின் அளவு எடுத்து அனுப்ப மறக்காதே.

இப்படிக்கு,
வேலையில் இருக்கும் உன் அம்மா