கராச்சி நாவலின் கடைசி அத்தியாயம்

என் பிரியமான ரெஜினா அக்கா,

உங்கள் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. எழுதப் பிந்திவிட்டேன். களைப்பு அக்கா, வேறொன்றுமில்லை. இல்லை, அதுவும் பொய். உங்கள் மேல் எனக்குக் கோபம். இறந்தவர்களோடு கோபிக்கக் கூடாது என்பார்கள். இந்த இத்தாலி ஊரில் நான் வேறு யாரோடு கோபிப்பது?

பூசைக்கு நீங்கள் பராமரித்த வயதான சின்யோராவின் மகள் வந்திருந்தார். அவருடைய தாயை இப்போது ஒரு ருமேனியாப் பெண் பார்க்கிறாளாம். கோயில் வாசலில் என்னிடம் ஒரு பையைத் தந்தார். பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பதற்காக அவர் வாங்கி அடுக்கிவைத்த, நீங்கள் ஒவ்வொன்றாக இரவல் கேட்டு வாங்கிய, பாகிஸ்தான் எழுத்தாளர்களின் ஆங்கில நாவல்கள், ஐந்து. "என் மாணவர்கள் பரீட்சைக்குப் படித்தார்கள். ரெஜினாதான் ஆசைக்குப் படித்தாள்" என்றார்.

ஆசைக்குத்தான். வீட்டோடு தங்கி வேலை செய்கிற எங்களுக்கு வியாழக்கிழமைப் பின்னேரம் விடுதலை. மற்றவர்கள் வியா மக்வேதா வீதியில் கடை கடையாய் ஏறி இறங்க, நாங்கள் கடற்கரைப் புல்வெளியில் போய் இருப்போம். நான் சியாகுல்லித் தோட்டத்து மண்டரின் பழங்களை உரிப்பேன். நீங்கள் ஆங்கிலத்தை வாய்க்குள் வாசித்துத் தமிழில் சொல்வீர்கள். என் ஆங்கிலம் மருந்துப் பெட்டி வாசிக்க மட்டும் காணும்.

அந்த நாட்டுக் கதை எங்களுக்கு ஏன் அப்படிப் பிடித்தது? கராச்சியையும் லாகூரையும் நாங்கள் கண்டோமா? ஆனால் அதில் பக்கத்துக்குப் பக்கம் கரண்ட் போகும். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டுவார்கள். பெண் பார்க்க வந்த மாமிமார் பலகாரத்தைக் கடித்துக்கொண்டே பெண்ணின் நிறத்தை எடை போடுவார்கள். தளபதிமாரைப் பற்றி எழுதியவர்கள் கூசாமல் பகிடி விடுவார்கள். நீங்கள் அதைச் சத்தமாய்ச் சொல்ல, நான் பலெர்மோவில் இருந்துகொண்டு பயத்தில் சுற்றிவரப் பார்ப்பேன்.

"ஆமிக்காரனைப் பாத்துச் சிரிக்கலாம் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை வசந்தி" என்றீர்கள் ஒருநாள்.

பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் போன் கடை வைத்திருக்கிற லாகூர்க்காரரிடமும் ஒரு நாவலைக் கொண்டுபோய்க் காட்டினீர்கள். அவர் அட்டையில் முக்காட்டுக்குள் இருந்த இரண்டு கண்களைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இதற்குள் இருப்பதையெல்லாம் நான் பார்த்துவிட்டேன் சின்யோரா. அதனால்தானே இங்கே வந்தேன்" என்றார். நீங்கள் வழியெல்லாம் சிரித்தீர்கள்.

குறையும் சொன்னோம். பெரிய வீட்டுக் கதைகளில் ஒருத்தி தேநீர் கொண்டுவந்து வைப்பாள், போய்விடுவாள். அவளுக்குப் பெயரே இருக்காது. உங்களுக்குப் பத்திக்கொண்டு வரும். "இவள் ஆர், நாங்கள்தானே!" என்று சொல்லிப் பென்சிலால் ஓரத்தில் அவளுக்கு ஒரு பெயர் எழுதுவீர்கள். பையைத் திறந்தபோது அந்தப் பெயர்களைக் கண்டேன். பிலோமினா, செபமாலை, ஓரிடத்தில் வசந்தி. இரவல் புத்தகத்தில் கிறுக்கியிருக்கிறீர்களே அக்கா!

பிறகுதான் கராச்சி நாவலை எடுத்தேன். நினைவிருக்கிறதுதானே? பல்கலைக்கழகத்துக்குப் போன மகனை ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். தாய் அவன் படத்தோடு கந்தோர் கந்தோராய் அலைகிறாள். என் தம்பி போர் முடிந்த நாளில் ஆமியால் பஸ்ஸில் ஏற்றப்பட்டுக் காணாமற்போனவன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கதையை ஐந்து வியாழக்கிழமைகள் மூச்சுவிடாமல் கேட்டேன். கடைசி நாள் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னீர்கள்: "வந்திட்டான் வசந்தி. ஆரோ கதவைத் தட்டுகினம். தாய் போய்த் திறக்கிறா. அவன்தான்."

நான் புல்லில் விழுந்து அழுதேன். அந்த ஞாயிறே யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து அம்மாவுக்கும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அம்மா அந்தக் கதையை விடவில்லை. "கராச்சிப் பொடியன்ரை கதையைச் சொல்லு பிள்ளை" என்பா. போன வருடம் அதிகாரிகள் வந்து, தம்பி காணாமற்போனவன் என்று ஒரு சான்றிதழ் தருகிறோம், கையெழுத்து வையுங்கள் என்றார்கள். அம்மா மாட்டேன் என்றுவிட்டா. "அங்கை ஒருத்தன் வந்திருக்கிறான். கதையெண்டாலும், ஒண்டும் நடவாமலே எழுதுவினம்?" என்று அவர்களிடமே கேட்டிருக்கிறா.

நான் பார்க்கிற சின்யோரா மத்தியானம் கண்ணயரும் நேரத்தில், போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மாதமாய் அந்த நாவலை வாசித்தேன். கடைசி அத்தியாயத்தில் ஒருவரும் கதவைத் தட்டவில்லை அக்கா. தாய் மகனின் சட்டைகளை அலுமாரியிலிருந்து எடுக்கிறாள், தோய்க்கிறாள், ஸ்திரிக்கை போட்டுத் திரும்ப அடுக்குகிறாள். அவ்வளவுதான். நம்பாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். எழுதியவர் யார் யாருக்கோ நன்றி சொல்லியிருந்தார்.

ஏன் அப்படிச் செய்தீர்கள்? என்னில் இரக்கப்பட்டா? அல்லது என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளதைச் சொல்ல உங்களுக்குத் தைரியம் வரவில்லையா? எனக்குச் சொன்ன பொய்யை நான் நம்பிக்கொண்டுபோய் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டேன். இனி உண்மையைச் சொன்னால் அம்மா தாங்குவாவா? சொல்லாவிட்டால் சாகும் வரை காத்திருப்பாவே? வேலை என்று சாட்டுச் சொல்லி இரண்டு ஞாயிறு போனே எடுக்கவில்லை.

போன ஞாயிறு எடுத்தேன். சொல்லிவிடுவதென்றுதான் எடுத்தேன். வீடியோவில் அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா.

"அம்மா, அந்தக் கராச்சிக் கதையிலை... நான் இப்ப முழுக்க வாசிச்சனான்" என்றேன்.

அம்மாவின் கை நின்றது. பிறகு மெதுவாய்த் திரும்ப உருவத் தொடங்கினா.

"வரேல்லைத்தானே?" என்றா. "எனக்குத் தெரியும் பிள்ளை. வந்திருந்தால் அதை ஏன் மினக்கெட்டு எழுதப்போயினம்?"

"அப்ப ஏனம்மா திரும்பத் திரும்பக் கேட்டனீங்கள்?"

"நீ சொல்லேக்கை கதவு திறக்கும். அதுக்குத்தான். சொல்லு."

சொன்னேன் அக்கா. உங்கள் கதையில் தாய் கதவைத் திறப்பதோடு முடியும். நான் என் பாட்டுக்கு இன்னும் ஒரு வரி சேர்த்தேன்: "திறந்திட்டு, சாப்பிட்டியோ எண்டு கேக்கிறா."

"இல்லைப் பிள்ளை" என்றா அம்மா. "முதல் ஒரு அடி போடுவன். பிறகுதான் சாப்பாடு."

உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான் மிச்சம். அன்றைக்குப் புல்வெளியில் நானும் உள்ளுக்குள் தெரிந்துகொண்டுதான் அழுதேனா? உங்களுக்கு அது விளங்கியிருந்ததா?

பையில் இன்னும் நான்கு நாவல்கள் கிடக்கின்றன. நான்கையும் நானே வாசிப்பேன், கடைசி வரி வரை, எழுதியிருக்கிறபடியே. கராச்சிக் கதையை மட்டும் அம்மா கேட்கிற நாள் வரை உங்கள் முடிவோடு, அந்த அடியையும் விடாமல் சொல்வேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் தங்கச்சி,
வசந்தி