தீர்மான நோட்டில் ஒரு வரி

22 ஆகஸ்ட், வெள்ளி

இன்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். தீர்மானத்தை வழக்கம்போல நேற்றே வீட்டில் எழுதி வைத்துவிட்டேன். பெற்றோர் வருவார்கள், டீ குடிப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள். நான் தலைமையாசிரியை ஆனதிலிருந்து இப்படித்தான் நடக்கிறது.

புதுத் தலைவி செல்வி, புதுவயல் அரிசி ஆலையில் வேலை பார்ப்பவள். முடியெல்லாம் தவிட்டுத் தூசியோடு வந்தாள். பேனாவை நீட்டினேன், வாங்கவில்லை.

"வாசிச்சிட்டுப் போடுறேன் டீச்சர்."

எழுத்துக் கூட்டிக் கூட்டி, சத்தமாக வாசித்தாள். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். எனக்கு எரிச்சலாக வந்தது. 'மூன்றாம் வகுப்பில் அனைவரும் சரளமாக வாசிக்கிறார்கள்' என்ற வரியில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"இப்ப நான் வாசிச்சேன்ல, எம் மகளும் இப்படித்தான் வாசிக்கிறா. நீங்க சரளமான்னு எழுதிருக்கீக. அதை அடிச்சிட்டு, எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைன்னு அவ பேரைப் போடுங்க டீச்சர்."

அடித்தேன். பேரை எழுதினேன். பின்வரிசையில் ஒருத்தி எழுந்து, "எம் மகன் பேரையும் போடுங்க" என்றாள். பிறகு இன்னொருத்தி. மொத்தம் ஒன்பது பேர் ஆனது. நான் நிமிரவே இல்லை.

அத்தனை பேர் முன்னால் கூசாமல் எப்படி வாசித்தாள்? இருபது வருடம் பாடம் நடத்திய எனக்கு அந்தத் தைரியம் வராது.

நோட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். பழைய பக்கங்களைப் புரட்டினேன். எல்லாக் கூட்டத்திலும் அனைவரும் சரளமாக வாசித்திருக்கிறார்கள்.