படகில் ஒரு தொட்டி வைத்தேன்

என் கேப்டனுக்கு,

உன் அக்கா வீட்டில் தூக்கம் வருகிறதா? இங்கே நானும் நம் படகும் சுகம். இரண்டு பேருமே கொஞ்சம் துருப்பிடித்திருக்கிறோம், அவ்வளவுதான். காலையிலிருந்து ஏரி அசையவே இல்லை. தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாத வெள்ளை. நடுவில் நங்கூரம் போட்டுவிட்டு, முழங்காலில் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் அலை என்று நினைத்துக்கொள். பொய்தான், அலையே இல்லை.

ஆஸ்பத்திரியில் குடலில் கொஞ்சம் வெட்டி, வயிற்றோரம் மலம் சேரும் பை ஒட்டி உன்னை வீட்டுக்கு அனுப்பிய அன்றே சொல்லிவிட்டாய், இனிமே படகு கிடகு எல்லாம் வேண்டாம், வாளியை வச்சுக்கிட்டு என்னால முடியாது என்று. நியாயம்தான். பன்னிரண்டு வருஷம் படகில் கழிப்பறை இல்லாமல் அந்த வாளியோடு ஓட்டியதே அதிகம். அதனால் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். படகில் கழிப்பறை வைத்துவிட்டேன். ஏரியில் எதையும் விடக்கூடாது என்பதால் கூடவே நாற்பது லிட்டர் கழிவுத் தொட்டி. திட்டுவதை நேரில் வந்து திட்டு.

தொட்டி முன்கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, நான் படுக்கும் பக்கம். ஆடாமல் இரண்டு பட்டை போட்டுக் கட்டினேன். குழாய் உன் அப்பா மாதிரி, வளைந்து கொடுக்கவே மாட்டேன் என்றது. வெந்நீரில் முக்கி, கெஞ்சி ஏற்றினேன். கழிப்பறையிலிருந்து உள்ளே வர ஒரு குழாய், மேல்தளத்து மூடிக்கு ஒன்று. அந்த மூடி வழியாகத்தான் கழிவை உறிஞ்சி எடுப்பார்கள். மூன்றாவது, விரல் பருமனில், தொட்டிக்குள் காற்று போய்வர. நல்ல தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டுக் கசியவில்லை. அன்று மத்தியானம் படுத்தபோது கீழே அந்தத் தண்ணீர் மெல்லப் புரண்டது. அரைத் தூக்கத்தில் நீதான் புரண்டு படுக்கிறாய் என்று கையை நீட்டினேன். அந்தப் பக்கம் தலையணைதான் இருந்தது.

மூன்று வாரத்தில் நான் ஒருவனே அதை நிரப்பிவிட்டேன். சிரிக்காதே. காலி செய்யப் படகுத்துறைக்குப் போனேன். அங்கே உறிஞ்சும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா குழாயை மூடியில் பொருத்தி ஓடவிட்டார். ஒரு நிமிஷம் ஆகவில்லை, கீழே டமார் என்று சத்தம். நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தால் தொட்டி கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. உன் கயிற்று மூட்டையைக் கொண்டுபோய்க் காற்றுக் குழாயின் வாய் மேலேயே வைத்திருக்கிறேன்! மூச்சு விட வழியில்லாம அடைச்சா எதுவும் இப்படித்தான் ஆகும் என்று அந்த அம்மா சிரித்தார். மூட்டையை எடுத்ததும் தொட்டி பெருமூச்சு விட்டுப் பழையபடி நிமிர்ந்தது.

மறுபடி ஓடவிட்டபோது நான் கூச்சத்தில் வேறெங்கோ பார்த்தேன். முகத்தை ஏண்ணே அந்தப் பக்கம் திருப்பிக்கிறீங்க, எல்லாப் படகுலயும் இருக்கிறதுதானே, நிறைஞ்சா காலி பண்ணணும், கழுவணும், கிளம்பணும் என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு ஓர் ஆரஞ்சை உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் வழியெல்லாம் அவர் முகத்தைப் பற்றிக் கேட்டதே நினைப்பு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் உனக்குப் பை மாற்றக் கற்றுக்கொடுத்தபோது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். எனக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் நீ கதவைத் தாழ்போட ஆரம்பித்தாய், அதற்குப் பிறகுதான் அக்கா வீடு. வாளி வெறும் சாக்கு. நான் அருவருத்தேன் என்று நினைத்திருப்பாய். சத்தியமாகப் பயம், உன்னை இழந்துவிடுவேனோ என்று. ஆனாலும் பார்க்காமல் நின்றது நின்றதுதான். வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை அதே நர்ஸைத் தேடிப் போனேன். என் வயிற்றிலேயே ஒரு பையை ஒட்டி, எடுத்து, துடைத்து, மறுபடி ஒட்டிப் பழகினேன். ரோமத்தோடு பிய்த்தபோது நான் போட்ட கத்தலில் பக்கத்து அறையே எட்டிப் பார்த்தது.

கழிப்பறையில் உன் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் அலமாரி அடித்திருக்கிறேன். பைகள், கத்தரிக்கோல், மெல்லிய துணி எல்லாம் அதில். ஒரு வட்ட ஜன்னலும் உண்டு, ஏரி முழுவதும் அதில் மிதக்கிறது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். போடுவதும் விடுவதும் உன் இஷ்டம்.

வந்துவிடு. என்றைக்காவது தாழ் போடாமல் என்னையும் உள்ளே கூப்பிடு. இரண்டு பேர் நின்றால் இடிக்கும், பரவாயில்லை. ஜன்னலைப் பார்க்க மாட்டேன்.

மூட்டையை நகர்த்திவிட்டுக் காத்திருக்கும்,
உன் நங்கூரக்காரன்