வாசல் திறந்துதான் இருந்தது

மச்சான்,

இன்று காலை வங்காலைக் கரையில் யாரோ உடைந்த ரெஜிபோம் மீன்பெட்டிகளைக் குவித்துக் கொளுத்திவிட்டிருந்தார்கள். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும், வாங்கிய மீனை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பின்னால் கூப்பிட்ட மீன்காரனுக்கு நான் என்ன சொல்லி விளங்கப்படுத்துவது?

நாம் கட்டிய ஐஸ் தொழிற்சாலைச் சுவரெல்லாம் குளிர் காக்க ஒட்டியது அந்த ரெஜிபோம்தானே, முகாமில் நாங்கள் தெர்மோகோல் என்கிறது. திறப்பு விழா நெருங்குகிறது என்று அதை ஒட்டுகிறவர்களையும் வெல்டிங் செய்கிறவர்களையும் ஒன்றாக உள்ளே விட்டார்கள்.

நீ வன்னியில் சண்டையின் கடைசிநாள்வரை ஷெல்லடிக்குள் கிடந்து வந்தவன். நான் தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து, சண்டை முடிந்தபின் ஊருக்கு வந்தவன். தெருவில் லொறி ரயர் வெடித்தாலும் நீ தரையில் கிடப்பாய். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

"சத்தம் கேட்டா முதல் கிட மச்சான். யோசிக்கிறதைப் பிறகு பாப்பம்," என்பாய், சேட்டில் ஒட்டிய சீமெந்தைத் தட்டிக்கொண்டே.

அன்று சுவரில் நெருப்புப் பிடித்து, காஸ் சிலிண்டர் வெடித்தது. நான் வாசலால் வெளியே ஓடினேன். நீ, "பள்ளத்துக்குள்ள இறங்குங்கோ! கிடவுங்கோ!" என்று கத்தினாய். தண்ணீர்த் தொட்டிக்கு வெட்டிய பள்ளம் அது. வன்னிக்காரர் எல்லோரும் பங்கருக்குள் இறங்குவதுபோலத் தலையைப் பொத்திக்கொண்டு உன்னோடு இறங்கினார்கள். கறுத்த புகை பள்ளத்தை நிரப்பியது. ஒருவரும் ஏறி வரவில்லை.

விசாரணைக்கு வந்த ஐயா என்னைக் கதிரையில் இருத்திக் கேட்டார்: "வாசல் திறந்துதானே இருந்தது? ஓடியிருக்கலாமே?" எல்லாம் தொழிலாளரின் கவனயீனமாம். தீப்பொறியையும் ரெஜிபோமையும் ஒரே அறைக்குள் விட்டவர்களிடம் ஒரு கேள்வி இல்லை. செத்த உன் தலையில் பழியைக் கட்டிவிட்டு, தேத்தண்ணீரும் குடித்துவிட்டுப் போனார். எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

இப்போது எந்த வேலைக்குப் போனாலும் முதலில் எல்லோருக்கும் வாசலைக் காட்டுகிறேன். சத்தம் கேட்டால் வெளியே ஓடச் சொல்லித் தொண்டை வற்றக் கத்துகிறேன். "ஓம் அண்ணை, ஓம்," என்கிறார்கள். ரயர் வெடித்தால் அத்தனை பேரும் தரையில்.

போன கோயில் பெருநாளில் வெடி கொளுத்தினார்கள். உன் மனிசி பிள்ளைகளைக் கீழே இழுத்து, மேலே கவிழ்ந்து கிடந்தாள்.

"எழும்பு தங்கச்சி! பிள்ளையளுக்கு ஓடப் பழக்கு!" என்று சீறினேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. "இப்பிடிக் கிடந்துதானே அண்ணை நாங்கள் உயிரோட வந்தனாங்கள்."

இதை அந்த ஐயாவிடம் யார் போய்ச் சொல்வது மச்சான்? வெடி ஓயும்வரை நானும் அவர்களுக்குப் பக்கத்தில் கிடந்தேன். கண் மட்டும் வாசலைத் தேடிக்கொண்டிருந்தது.